இன்னும் எட்டு அவுட்: உங்களை விடாமல் அரிக்கும் மரைனர்ஸ் அனுபவம் எது?

போத்தெல் அப்பா

2026 ஜனவரி வந்துவிட்டது, ஆனாலும் நம் சியாட்டில் மரைனர்ஸ் பேஸ்பால் அணி போன அக்டோபரில் டொரொண்டோவோடு ஆடிய அரையிறுதித் தொடரின் அந்த ஏழாவது ஆட்டத்தின் ஏழாவது இன்னிங்ஸ் என்னை விடவில்லை. கதை எல்லோருக்கும் தெரியும், விளக்கப் போவதில்லை. டொரொண்டோவில் 3-1 என்று முன்னால் இருக்கிறோம், ஒன்பது அவுட் எடுத்தால் 1977இல் அணி தொடங்கியதிலிருந்து முதல் முறையாக உலகத் தொடர், அதாவது இறுதிச் சுற்று. என் மகளுக்கு எட்டு வயது. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, அவுட்டுக்கு ஒரு விரலாக மடக்கப் போகிறேன் என்று ஒன்பது விரலை நீட்டிக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தாள். முதலில் ஒரு வாக் (தப்பான பந்துகளால் இலவசமாக முதல் பேஸ்), அப்புறம் ஒரு சிங்கிள், அப்புறம் ஒரு பண்ட் (பந்தை மெல்லத் தட்டிவிடுவது). பண்டுக்கு அவுட் கிடைத்ததும் ஒரு விரலை மடக்கினாள். அடுத்து டொரொண்டோவின் ஸ்பிரிங்கர் வந்தார்.

பந்து சுவரைத் தாண்டி, 3-1 என்பது 3-4 ஆகி, ரோஜர்ஸ் சென்டர் மைதானமே குதித்துக்கொண்டிருக்கும்போதும் அந்த எட்டு விரலும் நீட்டியபடியே இருந்தன. "அப்பா, இப்ப இதை என்ன பண்றது?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

சரி, இந்த வருடத்துக்கு வருவோம். முதல் பேஸ்காரர் நெய்லரை ஐந்து வருடத்துக்கு 92.5 மில்லியன் டாலர் கொடுத்து நிறுத்திவிட்டார்கள், அது நல்ல வேலை. ஓடவே வராது என்று நாம் நினைத்த உடம்பை வைத்துக்கொண்டு போன சீசனில் 30 பேஸ் திருடிய மனிதர் அவர். போலாங்கோ நியூயார்க் மெட்ஸ் அணிக்குப் போய்விட்டார். டெட்ராய்ட்டுக்கு எதிராக 15ஆவது இன்னிங்ஸில் ஆட்டத்தை முடித்தவர், அந்த இடத்தை யாரை வைத்து நிரப்புவது? கோல் யங், கோல்ட் எமர்சன் என்று இரண்டு பையன்கள் இருக்கிறார்கள், கேட்சராகக் கால் ராலி. கால், கோல், கோல்ட். வீட்டில் பெயர் சொல்லிக் கத்தும்போது என் மனைவிக்கு யாரைத் திட்டுகிறேன் என்றே புரிவதில்லை. எமர்சனுக்கு இருபது வயதுதான், 2023 ட்ராஃப்டில் (அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுப்பது) 22ஆவதாக எடுத்தார்கள், அதற்குள் மேஜர் லீக்குக்கு ஒரு படி கீழே இருக்கும் டக்கோமா அணிவரை வந்துவிட்டார். எனக்கு அவர் மேல் நம்பிக்கை இருக்கிறது. வயிற்றில் புளியைக் கரைப்பது ஹாரி ஃபோர்டை வாஷிங்டனுக்கு அனுப்பியதுதான். 2021இல் எடுத்து நாலு வருடம் வளர்த்த பையனை ஃபெரர் என்ற ஒரு ரிலீவருக்காக (பாதி ஆட்டத்தில் பந்து போட வருகிற மாற்றுப் பிட்சர்) கொடுத்துவிட்டோம்.

உங்களுக்கும் இப்படி ஒன்று இருக்கும். எழுதுங்கள்.

பழைய கிங்டோம்

ஃபோர்டுக்காக அழாதீர்கள் சார். அவர் ஒரு கேட்சர். நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் கேட்சர் ராலி போன வருடம் 60 ஹோம் ரன் அடித்தார். கென் கிரிஃபியின் 56 என்ற அணிச் சாதனை இத்தனை வருடம் அசையாமல் நின்றது, அதையும் தாண்டியாகிவிட்டது. அவரோடு 105 மில்லியன் டாலருக்கு நீண்ட ஒப்பந்தமும் போட்டாயிற்று. ஃபோர்டை எங்கே நிற்க வைப்பீர்கள், பார்க்கிங்கிலா? நீங்களே எழுதியிருக்கிறீர்கள், ஏழாவது இன்னிங்ஸ் என்று. அந்த நேரத்தில் புல்பென்னில் (மாற்றுப் பிட்சர்கள் காத்திருக்கும் இடம்) எல்லோரும் களைத்துப்போயிருந்தார்கள். அதற்கு மருந்துதான் ஃபெரர். இடது கை, வேகம். நோயையும் சொல்லிவிட்டு மருந்தையும் திட்டினால் எப்படி?

என் அனுபவம் சின்னது. 2022 அக்டோபர் 15, ஹியூஸ்டனோடு 18 இன்னிங்ஸ், வழக்கமான ஒன்பதுக்கு இரண்டு மடங்கு, நான் மைதானத்தில். கிட்டத்தட்ட ஆறு மணி நேரம் யாரும் ஒரு ரன்கூட எடுக்கவில்லை. சுற்றி எல்லோரும் ராசிக்காக ஷூவைக் கழற்றித் தலையில் வைத்திருந்தார்கள். நம் ஊரில் செருப்பைத் தலையில் வைத்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும், அதனால் 14ஆவது இன்னிங்ஸ்வரை மானத்தோடு உட்கார்ந்திருந்தேன். 15இல் கழற்றினேன். 18இல் ஹியூஸ்டனின் பேன்யா ஹோம் ரன் அடித்தார், 0-1. இடது கால் ஷூவைத் தலையில் வைத்தபடி, நாற்பத்தெட்டு வயதில், வாயைத் திறந்துகொண்டு நான் நிற்கும் புகைப்படத்தை நண்பன் இன்னும் வருடா வருடம் அனுப்புகிறான்.

இளம் வீரர்களைப் பத்திரமாகப் பூட்டி வைத்துப் பழகிய ஊர் இது என்பதால் சொல்கிறேன். 2008இல் பெடார்டு என்ற ஒரு பிட்சருக்காக ஆடம் ஜோன்ஸ், டில்மன் உட்பட ஐந்து பேரைப் பால்டிமோருக்குக் கொடுத்துக் கையைச் சுட்டுக்கொண்டோம், உண்மைதான். சூடு கண்ட பூனை மாதிரி அதற்கப்புறம் யாரைக் கொடுத்தாலும் அலறுகிறோம். பிட்சர் காஸ்டியோவுக்காக இளம் வீரர் நோவெல்வி மார்ட்டேயைக் கொடுத்தபோதும் அலறினோம். காஸ்டியோ இல்லாமல் 2022இல் டொரொண்டோவை ஜெயித்திருப்போமா?

எவரெட் அக்கா

கிங்டோம் சாருக்கு: களைப்பு இல்லை பிரச்சினை. நம் சிறந்த ரிலீவர் முனோஸ் புல்பென்னில் இருந்தார், அவரை அழைக்கவில்லை. அது மேனேஜரின் முடிவு. அதை ட்ரேடால், வீரர்களை மாற்றிக்கொள்வதால், சரி செய்ய முடியாது. இத்தோடு இதை விடுகிறேன்.

நான் எழுத வந்தது வேறு. 2019 கோடையில் எவரெட் அணியின் (மரைனர்ஸின் கீழ்மட்ட மைனர் லீக் அணி, தவளைதான் சின்னம்) பையன் ஒருவனை எங்கள் வீட்டில் தங்க வைத்திருந்தோம். அப்போது மைனர் லீக் பையன்களுக்குக் கிளப் வீடு கொடுக்காது, ஊர்க்குடும்பங்கள்தான் இடம் கொடுக்கும். சம்பளம் விளையாடும் மாதங்களுக்கு மட்டும், அதுவும் வாரத்துக்கு 300 டாலருக்கும் கீழே. இப்போது 2022இலிருந்து வீடு கொடுக்கிறார்கள், 2023இல் சம்பளமும் கூடியது, அது வேறு விஷயம். பெயர் சொல்லமாட்டேன். பிட்சர். எந்தப் பட்டியலிலும் இல்லாதவன், ட்ராஃப்ட் நாற்பது சுற்று போன காலத்தில் கடைசிப் பக்கம் எடுக்கப்பட்டவன். முதல் வாரம் சாம்பாரைச் சூப் என்று நினைத்துக் குடித்தான். மூன்றாவது வாரம் என்னிடம் "தயிர்" என்று தமிழில் கேட்டான்.

ஆகஸ்டில் ஒரு நாள் சாயங்காலம் அவன் கார் வந்து நின்ற சத்தம் கேட்டது. உள்ளே வரவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன், என்ஜினை அணைத்துவிட்டு, சீட் பெல்ட்கூடக் கழற்றாமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறான். பத்து நிமிஷம், இருபது நிமிஷம். போய்த் தட்டலாமா என்று நான் வாசல்வரை போய்த் திரும்பினேன், இரண்டு முறை. அரைமணி நேரம் கழித்து வந்து, "என்னை அணியிலிருந்து ரிலீஸ் செய்துவிட்டார்கள், ராத்திரிச் சாப்பாட்டுக்கு நான் இருக்கலாமா?" என்று கேட்டான். இருக்கலாமா என்று கேட்டான்! மூன்று தோசை சாப்பிட்டான், தட்டைக் கழுவி வைத்தான், காலையில் போய்விட்டான். கராஜில் ஒரு ஜோடி ஸ்பைக்ஸ் ஷூ விட்டுப் போயிருக்கிறான். எதற்கு எடுத்துப் போக வேண்டும்?

நான் அன்றைக்குத் தட்டியிருக்க வேண்டும் என்று இன்னும் தோன்றுகிறது. அதனால் இந்த "ப்ராஸ்பெக்ட் மூலதனம்" (வளரும் பையன்களைச் செலவழிக்கும் பணமாகப் பார்ப்பது), "இவனைக் கொடுத்தால் அவன் கிடைப்பான்" என்கிற பேச்சையெல்லாம் படிக்கும்போது எனக்கு அந்தக் காரின் பின் கண்ணாடிதான் தெரிகிறது. கோபமில்லை, சொல்கிறேன்.

செக்‌ஷன் 141

எவரெட் அக்கா, கண் கலங்கிவிட்டது. என்னுடையது அதற்கு நேர் எதிர்ப்பக்கம், கொஞ்சம் வெட்கத்தோடு.

கெலெனிக், நாம் பெரிதாக நம்பியிருந்த இளம் வீரர். 2021 மே 13 முதல் ஆட்டம், ஒன்றுமில்லை. மறுநாள் முதல் ஹிட்டே ஹோம் ரன், கூடவே இரண்டு டபுள். ஆறு வருடமாகக் காத்திருந்தவன் மாதிரி அன்று ராத்திரியே ஜெர்சி ஆர்டர் செய்தேன். ஜெர்சி வீட்டுக்கு வருவதற்குள் பையன் சரியத் தொடங்கிவிட்டான். கடைசியில் தொடர்ச்சியாக 39 முறை மட்டையோடு போய் ஒரு ஹிட்கூட இல்லை, டக்கோமாவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். அந்த 39இல் சிலவற்றை நான் நேரில் பார்த்தேன். கொரோனா கட்டுப்பாட்டால் கூட்டம் குறைவு, ஒரு ஆள் கத்தினால் மைதானம் முழுக்கக் கேட்கும். ஸ்ட்ரைக் அவுட் ஆகித் திரும்பி நடக்கும்போது அந்த ஒரு ஆள் நான்தான். என்ன கத்தினேன் என்று எழுதமாட்டேன். அவருக்குக் கேட்டதா தெரியாது. பக்கத்தில் இருந்த வயதான அம்மாள் என்னைப் பார்த்து, "அவனுக்கு வயது இருபத்தொன்று" என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடி ஸ்கோர் புத்தகத்தில் எழுத ஆரம்பித்தார். என் சொந்தத் தம்பிக்கு அப்போது இருபத்திரண்டு.

2023இல் தண்ணீர் கூலரை உதைத்துக் காலை முறித்துக்கொண்டபோது ஊரே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வருட முடிவில் அட்லாண்டாவுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஜெர்சி பீரோவில் கிடக்கிறது.

எமர்சன் ஏப்ரலில் முதல் முப்பது முறை அடிக்காமல் போனால் வாயை மூடிக்கொண்டு இருப்பேன். அவ்வளவுதான் என் தீர்மானம்.

பியோரியா ரிட்டர்ன்

ஜூரன்ஜெலோ சைஞ்சா. இரண்டு கையாலும் பந்து போடுகிற பையன், 2024இல் 15ஆவது இடத்தில் எடுத்தோம். போன வருடம் எவரெட்டில் சீசன் தொடக்கத்தில் ஒரு குளிர்ச்சியான சாயங்காலம் பார்த்தேன். வலது கையால் ஒருவனை முடித்தார், கையுறையைக் கழற்றி மறு கையில் மாட்டினார், அடுத்தவனுக்கு இடது கை. அந்தக் கையுறைக்கு ஆறு விரல், எந்தக் கையிலும் பொருந்தும். மாட்டுகிற அந்த மூன்று விநாடி, மைதானத்தில் எல்லோரும் பாப்கார்னை வாயருகே நிறுத்திவிட்டார்கள். அந்த மூன்று விநாடிதான் என் கதை, வேறொன்றும் இல்லை.

இந்த ஜனவரியில் செயின்ட் லூயிஸ் அணியிடம் டொனவன் என்ற வீரரைக் கேட்கிறார்கள் என்று பேச்சு. அவர்கள் சும்மா கொடுப்பார்களா? சைஞ்சா பெயர் வரும் என்று எனக்கு உள்ளூர ஒரு பயம்.

சரி, யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன், இந்தப் பையன்களைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் மார்ச்சில் அரிசோனா போய்விடுங்கள். சீசனுக்கு முந்தைய பயிற்சி முகாம் அங்கேதான், பியோரியாவில் நமக்கும் சான் டியேகோ அணிக்கும் ஒரே வளாகம். ஆட்டத்துக்கு மட்டும் போகாதீர்கள், அது பெரிய விஷயமே இல்லை, ஐந்தாவது இன்னிங்ஸில் தெரிந்த முகமெல்லாம் குளித்துவிட்டுப் போய்விடும். காலையில் பின்புற மைதானங்களுக்குப் போங்கள், வேலிக்கு இந்தப் பக்கம் நின்றால் பிட்சர் மூச்சு விடுவதே கேட்கும். வார நாளில் போங்கள். வார இறுதியில் கூட்டம், ஹோட்டல் விலையும் அநியாயம். தொப்பி, தண்ணீர், சன்ஸ்கிரீன் மூன்றும் கட்டாயம். சியாட்டிலில் ஐந்து மாதம் வெயிலே பார்க்காத தோலோடு போய் முதல் நாளே வெந்து, மீதி நாளை ஹோட்டல் அறையில் கழித்தவன் நான். கையெழுத்து வாங்கக் குழந்தையை முன்னால் நிறுத்துங்கள், ஒரே ஒரு பந்து கொடுங்கள். பத்துப் பந்தோடு நிற்கிற ஆட்களைப் பார்த்தால் வீரர்களுக்கு வியாபாரம் என்று தெரிந்துவிடும். பையனின் பெயரைச் சரியாக உச்சரிக்கக் கற்றுக்கொண்டு போங்கள், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவார்கள். பேனா நீல நிற பால்பாயிண்ட், மார்க்கர் வேண்டாம், பந்தில் ஊறிவிடும். புளிசாதம் கட்டிக்கொண்டு போங்கள், உள்ளே விலை கேட்டால் பசி போய்விடும்.

கிர்க்லண்டு

ப்ரோ, பேனா நிறம்வரை சொல்லிவிட்டீர்கள், காரை எந்த வரிசையில் நிறுத்த என்று சொல்லவில்லையே.

எனக்குப் பிடிக்காத அணிக்காரனைப் பற்றிய அனுபவம், பரவாயில்லையா? 2024 செப்டம்பர் 12, டெக்சஸோடு ஆட்டம். ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவைக் கூட்டிப் போயிருந்தேன். பேஸ்பால் ஒரு அட்சரம் தெரியாது, வறுத்த வெட்டுக்கிளி விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இருந்தார். ஒலிபெருக்கியில் எதிரணிப் பிட்சரின் பெயர் வந்தது: குமார் ராக்கர். முந்தானை இறங்கிவிட்டது. "குமாரா? எந்த ஊர்க் குமார்?" அவர் அம்மா வழியில் இந்தியப் பூர்வீகம் என்று சொன்னேன். அவ்வளவுதான். அன்றைக்கு அந்தப் பையனுக்கு முதல் மேஜர் லீக் ஆட்டம். நாலு இன்னிங்ஸில் ஏழு பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தான், ஏழுக்கும் என் அம்மா கைதட்டினார், நம் ஆட்கள் நடுவில், நான் மரைனர்ஸ் தொப்பியோடு பக்கத்தில்.

அவன் கதையைப் பாருங்கள். 2021இல் மெட்ஸ் பத்தாவதாக எடுத்து, மருத்துவப் பரிசோதனைக்குப் பிறகு ஒப்பந்தமே போடவில்லை. 2022இல் டெக்சஸ் மூன்றாவதாக எடுத்தது, 2023இல் முழங்கை அறுவை சிகிச்சை. நாமும் போன ஜூலையில் மூன்றாவதாக ஒரு பிட்சரைத்தான் எடுத்திருக்கிறோம், கேட் ஆண்டர்சன். கல்லூரி உலகத் தொடர் இறுதியில் எதிரணிக்கு ஒரு ரன்கூடக் கொடுக்காமல் முழு ஆட்டமும் போட்டவர். எல்லோரும் அவரை வரும் ஜூனிலேயே சியாட்டிலில் ஆடுவதாகக் கற்பனையில் பார்க்கிறார்கள். நான் அவர் முழங்கையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அம்மா இப்போதும் ஃபோனில் "குமார் எப்படி இருக்கான்?" என்று கேட்பார். என் தம்பி பெயரும் குமார்தான். ஒவ்வொரு முறையும் யாரைக் கேட்கிறார் என்று தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பழைய கிங்டோம்

எவரெட் அக்கா, முனோஸ் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஃபெரர் ட்ரேட் சரியானது என்பதை விடமாட்டேன். அப்புறம், அந்த ஸ்பைக்ஸை என்ன செய்தீர்கள்?

எவரெட் அக்கா

கராஜில்தான் இருக்கிறது. அளவு 13. இந்த வீட்டில் யாருக்கும் சேராது.

போத்தெல் அப்பா

எல்லோருக்கும் நன்றி. பியோரியா பற்றிப் படித்ததும் ஆசை வந்து, மார்ச்சில் போகலாமா என்று மகளிடம் கேட்டேன். யோசித்துவிட்டு, "அங்க ஜெயிச்சா கணக்குல வருமா?" என்றாள். வராது என்றேன். "அப்ப எவரெட் போலாம். அங்க தவளை இருக்கு."

டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.