கோத்தகிரிப் பெண்கள் (ஆண்களைச் சேர்க்காதீர்கள்)

குன்னூர் சித்தி: இருமினால் கசிகிறது என்று டாக்டரிடம் போனேன். சிறுநீரை அடக்குவதுபோல இறுக்கி விடும் பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள். பிள்ளை பெற்றவர்களுக்கு சகஜமாம். யாராவது செய்கிறீர்களா?

கட்டபெட்டு அக்கா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரியம்மா: என்ன போட்டு அழித்தாய்?

கட்டபெட்டு அக்கா: நானும் ஒரு வருஷமாகச் செய்கிறேன். ஒன்றும் குறையவில்லை.

பெரியம்மா: உனக்குக் கல்யாணமே ஆகவில்லை, உனக்கு ஏன்?

கட்டபெட்டு அக்கா: சின்ன வயசிலிருந்தே இருக்கிறது பெரியம்மா. அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். இருமவே வேண்டாம், சும்மா உட்கார்ந்திருந்தாலே ஈரம். கொழுந்து பறித்த காலத்தில் இடுப்பில் சாக்கு கட்டியிருப்பேன், மழையில் நனைந்தது என்று போய்விடும். இப்போது துணிக்கடை வேலை. அங்கே எதைக் கட்டுவது?

பெரியம்மா: நம் ஊர்க் குளிருக்கு எல்லோருக்கும் முட்டிக்கொண்டுதான் வரும்.

ஊட்டி அண்ணி: குளிருக்கு அடிக்கடி வரும், சரி. ராத்திரி பகலாகச் சொட்டுமா? கண்ணு, வழக்கம்போல முட்டிக்கொண்டு வந்து பாத்ரூமும் போகிறாய்தானே?

கட்டபெட்டு அக்கா: போகிறேன் அண்ணி. போய் வந்த கையோடு பேட் நனைகிறது. இதைத்தான் யாரும் நம்புவதில்லை.

ஊட்டி அண்ணி: எங்கள் ஆஸ்பத்திரி வார்டில் இப்படி ஒரு பெண்ணைப் பார்த்திருக்கிறேன். சிறுநீரகத்திலிருந்து வரும் குழாய் சிறுநீர்ப் பையில் போய்ச் சேரவேண்டும். சிலருக்குப் பிறவியிலேயே ஒரு சிறுநீரகத்துக்கு இரண்டு குழாய் இருக்கும். மேல்பாதியிலிருந்து வருவது பையை விட்டுவிட்டு, அடக்கும் தசைக்குக் கீழேயோ பிறப்புறுப்பிலோ திறந்துவிடும். மற்றது பைக்குள் ஒழுங்காகப் போவதால் பை நிறையும், நீயும் போய் வருவாய். இது மட்டும் விடாமல் சொட்டும். தசையை எவ்வளவு இறுக்கினாலும் பயன் இல்லை, அந்த வழி தசைப் பக்கமே போவதில்லை.

குன்னூர் சித்தி: ஆண்களுக்கு வராதா?

ஊட்டி அண்ணி: குழாய் இடம் மாறுவது அவர்களுக்கும் உண்டு. ஆனால் தசைக்கு மேலேயே திறக்கும், அதனால் ஒழுகாது.

பெரியம்மா: அதிலும் தப்பித்துக்கொண்டார்கள் பார்!

கட்டபெட்டு அக்கா: ஸ்கேனில் எல்லாம் நார்மல் என்றார்களே அண்ணி?

ஊட்டி அண்ணி: அந்த மேல்பாதி சுருங்கி, வேலை குறைந்து கிடந்தால் சாதா ஸ்கேனில் கண்ணுக்குத் தப்பிவிடும். குழாயின் போக்கு முழுவதையும் காட்டும் எம்ஆர்ஐ உண்டு. உனக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை, பார்த்தால்தான் தெரியும். யூராலஜி (சிறுநீர்ப் பாதை) டாக்டரிடம் வெறுமனே கசிவு என்று சொல்லாதே, பயிற்சி எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். சின்ன வயசிலிருந்தே, நாள் முழுக்க, ஆனால் பாத்ரூமும் வழக்கம்போல என்று சேர்த்துச் சொல்.

கட்டபெட்டு அக்கா: ஆபரேஷனா?

ஊட்டி அண்ணி: அதுவாக இருந்தால் ஆமாம். குழாயைப் பையோடு இணைப்பார்கள். அந்தப் பாதி வேலையே செய்யவில்லை என்றால் அதை மட்டும் எடுத்துவிடுவார்கள். மீதி சிறுநீரகம் போதும்.

பெரியம்மா: டாக்டரைப் பார்க்கக் கோயம்புத்தூருக்கு நானும் வருகிறேன். வளைவில் எனக்கு வாந்தி வரும், ஜன்னல் சீட் எனக்கு.

கட்டபெட்டு அக்கா: வாருங்கள். ஆஸ்பத்திரியில் வைத்து மாப்பிள்ளை மட்டும் பார்க்கக் கூடாது.