ஈரம் காயாத அறை, உதிரும் குஞ்சம்: 3,000 ரூபாய்க்குள் எந்தச் சவரத் தூரிகையை வாங்கலாம்?

கேள்வி (ஹட்டன்)

அனைவருக்கும் வணக்கம். ஹட்டனில் வாடகை அறையொன்றில் தங்கி வேலை செய்கிறேன். சென்ற ஆண்டு இங்குள்ள கடையொன்றில் வாங்கிய சவரத் தூரிகை இப்போது பெருந்தொல்லையாகிவிட்டது. காலையில் முகத்தில் நுரை பூசும்போதெல்லாம் இரண்டு மூன்று மயிர்கள் கன்னத்தோடு ஒட்டிக்கொண்டு வருகின்றன. குஞ்சத்தின் நுனி காய்ந்தாலும் அடிப்பகுதி மறுநாள் வரை ஈரமாகவே இருந்து பூஞ்சண வாடை வீசுகிறது. நுரையும் முன்போலத் திரள்வதில்லை. குளியலறை பொதுவானது என்பதால் தூரிகையை வெளியே வைக்க வழியில்லை. மூடிய பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு அறைக்குள்தான் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. மே மாதம் முதல் செப்டெம்பர் வரை இந்தப் பக்கத்து மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

புதிதாக ஒன்று வாங்க 3,000 ரூபாய் வரை ஒதுக்க முடியும். பன்றி மயிர், பேட்ஜர் என்ற காட்டு விலங்கின் மயிர், செயற்கை இழை என்று பலவிதமாகச் சொல்கிறார்கள். இந்தக் குளிருக்கும் ஈரத்துக்கும் எது தாக்குப்பிடிக்கும்? இப்போதிருப்பதைத் திருத்த முடியுமா?

பதில் (பண்டாரவளை)

முதலில் உங்களிடம் இருப்பது என்ன வகை என்று தெரிந்தால்தான் அடுத்ததைத் தெரிவு செய்ய முடியும். உதிர்ந்த மயிர் ஒன்றை இடுக்கியால் பிடித்து, நீர்த்தொட்டிக்கு மேலே வைத்து, தீக்குச்சியால் கொளுத்திப் பாருங்கள். மயிர் கருகும் வாடையோடு எரிந்து, விரலால் தொட்டவுடன் சாம்பலாய் உதிர்ந்தால் அது விலங்கின் மயிர். உருகிச் சுருண்டு, நுனியில் கடினமான சிறு மணியாகத் திரண்டால் நைலோன் போன்ற செயற்கை இழை. பெட்டியில் ‘பிரிசில்’ என்று மட்டும் அச்சிட்டிருந்தால் அது பெரும்பாலும் பன்றி மயிராகவே இருக்கும். எங்கள் வீட்டில் பன்றி மயிரைப் புழங்க மாட்டோம் என்பதால் வாங்குவதற்கு முன் இதை நான் தவறாமல் பார்ப்பேன். மரக்கறி மட்டுமே உண்ணும் குடும்பத்தினருக்கும் இது பயன்படும்.

பதில் (நுவரெலியா)

நுரை குறைந்ததற்குத் தண்ணீர் காரணமாக இருக்க முடியாது என்பதே என் கருத்து. நான் யாழ்ப்பாணத்தவன். அங்குள்ள சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணற்று நீர் கடினமானது. சவர்க்காரத்தை எவ்வளவு தேய்த்தாலும் நுரை எழும்பாமல் வெள்ளைப் படிவாகத் திரியும். மாற்றலாகி இங்கு வந்த பிறகு, அதே சவர்க்காரத்தில் கொஞ்சத்தைத் தேய்த்தாலே கோப்பை நிறைய நுரை திரள்கிறது. மலையருவி நீரில் சுண்ணாம்பு மிகக் குறைவு. ஆகவே கோளாறு தூரிகையில்தான் இருக்க வேண்டும். நாட்பட்ட சவர்க்காரப் படிவு குஞ்சத்தின் அடியில் இறுகிவிட்டால் மயிர்கள் விரிந்து கொடுப்பதில்லை. பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டை இளஞ்சூடான நீரில் கலந்து, குஞ்சத்தை அதில் நன்றாக அலசிப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. கொளுத்திப் பார்த்தேன், மயிர் கருகும் வாடை வந்தது, சாம்பலாய் உதிர்ந்தது. அலசிய பிறகு நுரை ஓரளவு திரண்டது. வாடையும் பாதி தணிந்தது. ஆனால் குஞ்சத்தை விரித்துப் பார்த்தபோது, பிடியோடு சேரும் இடத்தில் கடுகளவான கரும்புள்ளிகள் தென்பட்டன. மெதுவாக இழுத்தாலும் மயிர் கையோடு வருகிறது.

பதில் (தலவாக்கலை, சலூன் தொழில்)

தம்பி, அந்தத் தூரிகையை இனி முகத்தில் வைக்க வேண்டாம். கரும்புள்ளி என்பது பூஞ்சணம். மயிர் கையோடு வருகிறது என்றால் அடியில் ஊற்றிய பசை விட்டுவிட்டது என்று பொருள். புதிய இயற்கை மயிர்த் தூரிகையில் முதல் சில வாரங்கள் ஓரிரு மயிர் உதிர்வது வழக்கம். ஓராண்டுக்குப் பிறகும் உதிர்வது வழக்கமன்று. பசை விட்டதைச் சீராக்கும் செலவில் புதியதே வாங்கிவிடலாம்.

இனி வாங்குவதைப் பற்றிச் சொல்கிறேன். பன்றி மயிர் நல்ல பொருள்தான், அதில் ஐயமில்லை. இத்தாலியின் பொலோஞ்ஞா நகரில் 1931இல் தொடங்கிய ஒமேகா போன்ற நிறுவனங்கள் அதைக்கொண்டு உறுதியான தூரிகைகளைச் செய்கின்றன. பழகப் பழக நுனிகள் பிளந்து மென்மையாகும். முகத்தைத் தேய்த்துக் கொடுக்கும் விறைப்பும் அதற்கு உண்டு. ஆனால் மயிர் தண்ணீரை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். பாவிப்பதற்கு முன் சில நிமிடம் ஊற வைக்க வேண்டும். பாவித்த பிறகு ஒரு முழு நாள் காற்றில் காய விட வேண்டும். மூடிய பெட்டியும் ஹட்டன் மழையும் சேர்ந்தால் அது எங்கே காயும்? வசதியான குளியலறையும் மாற்றி மாற்றிப் பாவிக்க இரண்டு தூரிகைகளும் உள்ளவருக்கே அது பொருந்தும். மலிவு விலைப் பேட்ஜர் மயிரை எண்ணவே வேண்டாம். பேட்ஜரில் மென்மையான தரத்துக்கு விலை மிக அதிகம்; கீழ்த்தரமானது முள்ளாய்க் குத்தும்.

உங்கள் நிலைமைக்குச் செயற்கை இழைதான். பழைய தடித்த நைலோனை நான் சொல்லவில்லை. இப்போது வருவது நுனி மெலிந்த நுண்ணிழை. தொட்டால் பட்டுப்போல இருக்கும். இழை தண்ணீரை உறிஞ்சாது, இழைகளுக்கு இடையில் மட்டுமே பிடித்துக்கொள்ளும். ஆகவே உதறி, துவாயில் ஒற்றினால் சில மணி நேரத்தில் உலர்ந்துவிடும். ஊற வைக்கவும் தேவையில்லை. பலருக்குச் சவரம் செய்யும் இடத்தில் தூரிகையைக் கழுவித் தூய்மையாக வைப்பதும் இதிலேயே எளிது என்பதால்தான் நான் இதற்கு மாறினேன். குஞ்சத்தின் விட்டம் 22 முதல் 24 மில்லிமீற்றர், பிடிக்கு மேல் நிற்கும் உயரம் ஏறத்தாழ 50 மில்லிமீற்றர் இருந்தால் போதும். அதைவிடப் பெரியது சவர்க்காரத்தைத் தின்னும், காயவும் தாமதமாகும்.

கடையில் எடுத்துப் பார்க்கும்போது குஞ்சத்தை உள்ளங்கையில் அழுத்திச் சுழற்றுங்கள். அழுத்தம் எடுத்தவுடன் தானாக நிமிர வேண்டும். கையில் ஓர் இழைகூட ஒட்டக் கூடாது. பிறகு இழைகளைப் பிரித்து அடியைப் பாருங்கள். பசை வட்டம் பிடியின் விளிம்போடு இடைவெளியின்றிச் சேர்ந்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில்தான் தண்ணீர் இறங்கி நிற்கும். பிடி வார்னிஷ் பூசிய மரமாக இருந்தால் விட்டுவிடுங்கள், ரெசின் அல்லது பிளாஸ்டிக் பிடியே இங்கு நல்லது.

பதில் (பண்டாரவளை)

சலூன் அண்ணா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். பன்றி மயிரின் விறைப்பு விருப்பமாக இருந்தால், ஒமேகாவிலேயே அதைப் போலச் செய்த ‘எஸ்-பிரஷ்’ என்ற செயற்கை இழை வகை உண்டு. பெட்டியைத் தவிர்க்க முடியாவிட்டால் அதன் பக்கங்களில் சூடான ஊசியால் துளைகள் போட்டுக்கொள்ளுங்கள். காய வைக்கும்போது குஞ்சத்தின் நுனி மேலா கீழா என்பது பெரிதல்ல, காற்றோட்டமே பெரிது.

கேள்வி கேட்டவர்

மிகவும் தெளிவாகிவிட்டது. 24 மில்லிமீற்றர் செயற்கை இழையே வாங்கப் போகிறேன். இன்னொரு சந்தேகம்: தோட்டத்துப் பங்களாவில் வேலை செய்த என் பூட்டனாரின் பழைய தூரிகை, எலும்புப் பிடியோடு, ஊரில் ஒரு பெட்டியில் இருக்கிறது. அதைக் கழுவிப் பாவிக்கலாமா?

பதில் (நுவரெலியா)

நினைவுப் பொருளாக வைத்துக்கொள்ளுங்கள், முகத்துக்கு வேண்டாம். முதலாம் உலகப் போர்க் காலத்தில் பேட்ஜர் மயிருக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, சரியாகக் கிருமி நீக்கப்படாத குதிரை மயிரில் செய்த தூரிகைகளால் பிரித்தானிய, அமெரிக்கப் படைவீரர் சிலருக்கு அந்திராக்ஸ் என்ற கொடிய கிருமி நோய் தொற்றியது. 2017இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் இதழ் இதை மீண்டும் நினைவூட்டியது. இன்று ஆபத்து மிகச் சிறியதுதான். ஆனால் அந்தக் கிருமியின் வித்துகள் பல பத்தாண்டுகள் அழியாதிருக்கக் கூடியவை, சவர்க்காரத்தில் கழுவுவதால் அவை போய்விடா.

பதில் (தலவாக்கலை, சலூன் தொழில்)

புதியது வந்ததும் முதல் நாளே ஒருமுறை ஷாம்பூவில் அலசிவிடுங்கள். குளிர் காலையென்று கொதிநீரில் மட்டும் வைக்க வேண்டாம். கை பொறுக்கும் சூடு போதும், அதற்கு மேற்பட்டால் பசை இளகும். செயற்கை இழை தண்ணீரை எளிதில் விட்டுவிடும் என்பதால், நனைத்து நன்றாக உதறிய பிறகே சவர்க்காரத்தில் அரை நிமிடம் சுழற்றுங்கள். நுரை வறண்டிருந்தால் நுனியை மட்டும் தண்ணீரில் தொட்டுக்கொள்ளுங்கள். குமிழி பெரிதாக எழும்பி ஒழுகினால் தண்ணீர் கூடிவிட்டது, இன்னும் கொஞ்சம் சவர்க்காரம் எடுங்கள்.