பெரிய கைக்கு பிரஷர் பட்டை எங்கே வாங்கலாம்?

வணக்கம் அக்கா, அண்ணன்மாரே. மலேசியா, பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன்.

அம்மாவுக்கு 61 வயது, 104 கிலோ. முப்பது வருஷம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய உடம்பு. போன வாரம் முட்டி வலி என்று ஒரு கிளினிக்குக் கூட்டிப்போனேன். முட்டியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை, "சோத்தைக் குறைங்க" என்று அனுப்பிவிட்டார்கள். பிரஷர் பார்க்க பட்டையைக் கட்டினால் பத்தவில்லை, பர்ரென்று பிரிந்துகொண்டது. மிஸ்ஸி (நர்ஸ்) சிரித்துக்கொண்டே கையால் அழுத்திப் பிடித்து 172 என்று எழுதினார். மறுநாள் ஈப்போவில் பெரிய பட்டை கட்டிப் பார்த்தால் 148! சின்னப் பட்டை கூடுதலாகத்தான் காட்டுமாம்.

அம்மா இப்போது "இனி எந்த கிளினிக்குக்கும் வரமாட்டேன்டா" என்கிறார். அந்தச் சிரிப்புதான் காரணம், வலி இல்லை.

தையல் டேப் வைத்து அளந்தேன், மேல்கை 41 சென்டிமீட்டர். அந்த அளவுக்குப் பட்டையோடு வீட்டு பிரஷர் மெஷின் ஈப்போ, கோலகங்சார் பக்கம் எந்தக் கடையில் இருக்கிறது? என்ன விலை? ஏசாமல் முட்டியைப் பார்க்கும் டாக்டர் தெரிந்தாலும் பி.எம். (தனி மெசேஜ்) பண்ணுங்கள்.

தயவுசெய்து மெலியவைக்கும் காப்பித்தூள் மட்டும் வேண்டாம். பக்கத்து வீட்டு அத்தை ஏற்கெனவே இரண்டு பாக்கெட் கொண்டுவந்துவிட்டார். அந்த மாதிரித் தூள்களில் சிபுட்ராமின் கலந்து பலமுறை பிடிபட்டிருக்கிறது, பிரஷரையே ஏற்றிவிடும் மருந்து அது.