பாகோவின் கிதார் போதும், நடுவில் அந்தக் கத்தல் எதற்கு?

கம்பிப்பித்தன்:
பத்து வருஷமாக ஸ்பெயினின் ஃப்ளமெங்கோ இசை கேட்கிறேன், உண்மையைச் சொன்னால் கிதாருக்காக மட்டும்தான். பாகோ தெ லூசியாவின் 'எந்த்ரே தோஸ் அகுவாஸ்' எத்தனை தடவை ஓடியிருக்கும் என்று கணக்கே இல்லை. ஆனால் பாட்டு தொடங்கியதும் தள்ளிவிட்டுவிடுவேன். தொண்டை கட்டிய மனிதர் ஒருவர் பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டைக்குப் போவது மாதிரி இருக்கிறது. கிதார் பாட்டின் நிழலிலிருந்து வெளியே வந்து எவ்வளவோ காலமாகிவிட்டது, ரமோன் மொன்தோயா 1936-லேயே பாரிஸில் தனிக் கிதாரைப் பதிவு செய்துவிட்டார், அப்புறம் சபிகாஸ். இன்னும் எதற்கு "பாட்டுதான் தாய்" என்ற பழைய பல்லவி?

ஜெரெஸ் ரசிகை:
நீங்கள் கூப்பிட்ட சாட்சியே எங்கள் பக்கம் சார். மொன்தோயா வருஷக்கணக்கில் பாடகர் அந்தோனியோ சக்கோனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவர். அந்தக் கை பழகியது பாட்டுக்குத்தான். அதுவும் சக்கோனுக்குக் கரகரப்பே கிடையாது, உயரமான வழவழப்பான குரல், ஆக "எல்லாரும் கத்துகிறார்கள்" என்பதும் போச்சு. கரகரத்த குரலுக்கு 'அஃபில்யா' என்று தனிப் பெயரே உண்டு, 19-ம் நூற்றாண்டுப் பாடகர் எல் ஃபில்யோவின் பெயரால் வந்தது. அங்கே அது குறை இல்லை, தேடிப் போய் ரசிக்கிற குணம். மார்த்தினெத்தே கேட்டிருக்கிறீர்களா? கிதாரே இல்லாமல் பாடுவது. பாட்டு தனியாக நிற்கும்.

கம்பிப்பித்தன்:
கிதாரும் தனியாக நிற்கும், நான் சொன்னதே அதுதானே! பாடகர் கமரோனும் பாகோவும் 1969 முதல் 1977 வரை சேர்ந்து போட்ட ஒன்பது ஆல்பங்களும் என்னிடம் இருக்கின்றன. அதிலும் என் காது கிதாரின் பின்னாலேயே போகிறது, நான் என்ன செய்ய?

வழிப்போக்கன்:
இது நம்ம தோடி மாதிரியே இருக்கிறதே? இதைப் பாடும் ஜிப்சிகள் இந்தியாவிலிருந்து போனவர்கள்தானே, அப்படியென்றால் இதுவும் நம்ம சொத்து 😀

பன்னிரண்டாம் தட்டு:
வழிப்போக்கன் அண்ணா, ஸ்வர வரிசை ஹனுமத்தோடிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கிதார் கடைசியில் ஈ மேஜர் கார்டில் வந்து இறங்கும்போது காந்தாரம் ஏறி வகுளாபரண ராகம் ஆகிவிடும், அந்த இரண்டும் ஒரே பாட்டில் உரசிக்கொள்வதுதான் இதன் ருசி. மற்றபடி, அவர்களுடைய முன்னோர் இங்கிருந்து கிளம்பி சுமார் ஆயிரம் வருஷம். ஃப்ளமெங்கோ உருவானது ஆண்டலூசியாவில், சொத்துப் பங்கு கேட்க முடியாது.

இப்போது சண்டைக்கு வருகிறேன். நான் கிதார் கற்றுக்கொள்கிறவன், இருந்தும் ரசிகை அக்கா பக்கம்தான். சொலெயா என்ற பாட்டு வகைக்கு ஒரு சுற்றில் 12 தட்டு, அழுத்தம் 3, 6, 8, 10, 12-ல். தனியாக வாசித்தால் தாளம் தட்டும் மெட்ரோனோமைப் போட்டுவிட்டு ஓட்டிவிடலாம். பாடகர் வந்து உட்கார்ந்தால் கதையே வேறு. முதலில் அன்றைக்கு அவர் தொண்டை எங்கே நிற்கிறது என்று பார்த்து கேப்போவை (சுருதி மாற்றக் கிதார்க் கழுத்தில் மாட்டும் கவ்வி) நகர்த்த வேண்டும். அப்புறம் இந்த வரியை இந்தச் சுற்றிலேயே முடிப்பாரா, இன்னொரு சுற்று இழுப்பாரா என்று அவர் வாயைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பெரும்பாலும் மூன்றாவது வரியில் சி மேஜருக்கு ஏறி, எஃப் வழியாக ஈ-க்கு இறங்குவார், அந்த இறக்கத்தில் நாம் அரை நொடி முந்தினாலும் பாட்டு செத்துவிடும். முதல் தடவை ஒருவருக்கு வாசித்தபோது, அவர் வரியின் நடுவிலேயே வேகமாக ஒரு ஓட்டம் ஓட்டினேன். பாட்டை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றைக்கும் அந்தப் பார்வை ஞாபகம் இருக்கிறது. கூட வாசிப்பதில் கஷ்டமே வாசிக்காமல் இருப்பதுதான்.

கம்பிப்பித்தன்:
தம்பி, நன்றாகச் சொன்னாய், ஆனால் இது பாகோவுக்குப் பொருந்தாதே. அந்த 70-களின் புலெரியாக்களில், அந்த வேகமான பாட்டுகளில், மனிதர் சும்மா இருக்கவே மாட்டார், வரிக்கு வரி பதில் கொடுத்துக்கொண்டே இருப்பார்.

ஜெரெஸ் ரசிகை:
வரி முடிந்த பிறகு கொடுப்பார், கவனித்துக் கேளுங்கள். சின்ன வயதில் அண்ணன் பெப்பே பாட, பக்கத்தில் உட்கார்ந்து வாசித்து வளர்ந்தவர் அவர். அவருடைய தனிக் கிதாரில்கூட ஒரு தொடர் எங்கே மூச்சு விடுகிறது என்று பாருங்கள், பாடகர் மூச்சு விடும் இடம்தான். நீங்கள் பத்து வருஷமாகக் கேட்டது பாட்டைத்தான், பாடகர் இல்லாமல்.

கம்பிப்பித்தன்:
இது கொஞ்சம் ஓவர்.

பன்னிரண்டாம் தட்டு:
ஒரே ஒரு வேலை செய்யுங்கள் அண்ணா. ஸ்பெயின் தொலைக்காட்சி 1970-களின் தொடக்கத்தில் எடுத்த 'ரீத்தோ இ ஹியோக்ராஃபியா தெல் காந்தே' தொடரில் ஃபெர்னாந்தா தெ உத்ரேரா சொலெயா பாடுகிறார், கிதார் மோரோனைச் சேர்ந்த தியெகோ தெல் காஸ்தோர். வேகம் தேடாதீர்கள், கிடைக்காது. கட்டை விரல்தான் பாதி வேலை செய்யும்.

கம்பிப்பித்தன்:
இரண்டு நாள் கழித்து வருகிறேன். மூன்று தடவை கேட்டேன். முதல் தடவை அந்த அம்மாவின் குரல் காதைக் கிழித்தது, பாதியில் அணைத்துவிட்டேன். மூன்றாவது தடவை, குரல் உடைந்து நின்ற ஒரு இடத்தில் கிதாரும் ஒரு கம்பியைத் தொட்டுவிட்டு நின்றுவிட்டது, அடுத்து யார் தொடங்குவார்கள் என்று நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பாகோவைக் கேட்கும்போது இப்படி ஆனதில்லை, அதைச் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் தனிக் கிதார் பாட்டின் எச்சம் என்றால் இப்போதும் ஒப்புக்கொள்ள மாட்டேன், கார் ஓட்டும்போது சபிகாஸ்தான்.

சீகிரியா என்று இன்னொரு பாட்டு வகையும் போட்டுப் பார்த்தேன், தாளமே பிடிபடவில்லை.

பன்னிரண்டாம் தட்டு:
அதுவும் 12-தான், எண்ணினால் குழம்பும். தொடையில் இரண்டு, இரண்டு, மூன்று, மூன்று, இரண்டு என்று பிரித்துத் தட்டிக்கொண்டே கேளுங்கள்.

ஜெரெஸ் ரசிகை:
பாடகர் மனுவேல் தோரேயில் தொடங்குங்கள். 1933-லேயே இறந்துவிட்டார், பதிவெல்லாம் ஒரே கரகரப்பு. குரலைச் சொல்லவில்லை, இசைத்தட்டைச் சொல்கிறேன்.