அப்பாவின் கைலியில் வந்த காரீயம்

காவிரிக்கரை:
அப்பா பழைய பேட்டரி உடைக்கும் பட்டறையில் பல வருடம் வேலை பார்த்தார். மாலையில் வந்ததும் கைலியைக்கூட மாற்றாமல் தம்பியைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வார். அந்தக் கைலியை அம்மா ஊறவைக்கும் வாளியின் அடியில் சாம்பல் நிறத்தில் வண்டல் தங்கும். அழுக்கு என்றே நினைத்தோம்.

தம்பிக்கு மாதம் தவறாமல் சளி, காதில் சீழ், முழங்காலில் சிராய்ப்பு பட்டால் ஆற மூன்று வாரம். சுக்குக் கஷாயம், வேப்பிலை, மந்திரித்தல் எல்லாம் ஆயிற்று. ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை சரியாக இருந்ததால் ஏமாந்துவிட்டோம். 2022இல் வேறொரு மருத்துவர் அப்பாவின் வேலை என்னவென்று கேட்டுவிட்டு, பேட்டரியில் இருக்கும் காரீயம் ரத்தத்தில் எவ்வளவு என்று பார்க்கச் சொன்னார். டெசிலிட்டருக்கு 31 மைக்ரோகிராம். 5 இருந்தாலே எங்கிருந்து வருகிறது என்று தேடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அணுக்களைக் குறைக்காமலேயே அவற்றின் வேலையைக் காரீயம் கெடுத்துவிடும் என்றார். கிருமி நுழைந்த இடத்துக்கு, அதை முதலில் எதிர்க்கப் போகும் வெள்ளை அணுக்களான நியூட்ரோஃபில்கள் மந்தமாகவே போய்ச் சேரும். எதிர்ப்பை வழிநடத்தும் இன்னொரு வகை வெள்ளை அணுக்களான டி அணுக்களின் சமநிலை ஒவ்வாமைப் பக்கம் சாயும், ஒவ்வாமையோடு தொடர்புள்ள ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதம் ரத்தத்தில் ஏறும். "அதற்காக எல்லாச் சளியையும் காரீயத்தின் தலையில் கட்டாதீர்கள்" என்றும் சொன்னார். நேர்மையான மனிதர். இரும்புச்சத்து குறைந்த பிள்ளையின் குடல் காரீயத்தை இன்னும் அதிகமாக உறிஞ்சுமாம். தம்பிக்கு அந்தக் குறையும் இருந்தது. அளவு 45ஐத் தொடாததால் காரீயத்தை வெளியேற்றும் மருந்து தரவில்லை. இரும்புச்சத்து டானிக் மட்டும். அப்பா பட்டறையிலேயே குளித்து உடை மாற்றி வர ஆரம்பித்தார். பத்து மாதத்தில் 14க்கு இறங்கியது.

சுக்குக்காப்பி:
எங்கள் வீட்டில் ரசம் ஈயச்சொம்பில்தான். படித்ததும் வயிற்றைக் கலக்குகிறது.

காவிரிக்கரை:
அது வெள்ளீயம், வேறு உலோகம். அதில் காரீயம் கலந்திருக்கிறார்களா என்பதுதான் கவலை. கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

மூக்குத்தி:
எனக்கு நேர்மாறு, எதிர்ப்பு அணுக்கள் மந்தமாகாமல் உலோகத்தின் மேல் அளவுக்கு மீறிப் பாய்கின்றன. கவரிங் தோடு போட்ட இரண்டாம் நாள் காதுச்சோணை வீங்கி நீர் வடியும். காரணம் நிக்கல். ஒவ்வாமை தரக்கூடிய பொருள்களை முதுகில் கட்டம் கட்டமாக ஒட்டிப் பார்க்கும் ஒட்டுப் பரிசோதனை செய்து 48 மணி நேரம் கழித்துப் பிரித்தார்கள். நிக்கல் வைத்த கட்டம் மட்டும் சிவந்து கொப்பளித்திருந்தது. ஒருமுறை நிக்கலைப் பகையாகக் கண்டுகொண்ட டி அணுக்கள் பிறகு மறப்பதே இல்லையாம். ஜீன்ஸ் பொத்தானுக்குக்கூட உள்பக்கம் துணி வைத்துத் தைத்திருக்கிறேன்.