கடைவாய்ப்பல்லுல போட்ட காம்போசிட் (பல் நிற அடைப்பு) ஒரு வருஷத்துல தேயுது, உடையுது: ஃபில்லர் (ரெசின்ல கலக்கிற துகள்) சதவீதம் கூட்டினா தீருமா?

உசிலை பல் கிளினிக்:
36, 46-ல (கீழ்த்தாடையில ரெண்டு பக்கமும் இருக்கிற முதல் கடைவாய்ப்பல்) ரெண்டு விதமா பிரச்சினை. சின்ன கிளாஸ் 1-க்கு (கடிக்கிற முகத்துக் குழி) ஃப்ளோவபிள் (ஓடுற மாதிரி இளக்கமான காம்போசிட்) மட்டும் போட்ட பல்லுல மேற்பரப்பு மங்கி இறங்கிப்போய், சுத்தி எனாமல் படி மாதிரி நிக்குது. எக்ஸ்ப்ளோரரை (கூர்முனைக் கருவி) இழுத்தா தட்டுது. கிளாஸ் 2-ல (பக்கத்துப் பல்லைத் தொடுற முகத்துக் குழி) பாலிஷ் நல்லா வருதேன்னு முன்பல்லுக்குப் போடற மைக்ரோஃபில் (ரொம்பப் பொடித் துகள் காம்போசிட்) போட்டோம். அங்க தேய்மானம் பெருசா இல்ல, மார்ஜினல் ரிட்ஜ் (கடிக்கிற முகத்தோட ஓர வரம்பு) சில்லாப் பேந்துடுது. பாதிப்பேர் வெத்தலை பாக்கு போடறவங்க. 80%-க்கு மேல ஃபில்லர் உள்ளதா ஒண்ணு வாங்கிட்டா போதுமா?

மெட்டீரியல்ஸ் பிஜி, மதுரை:
டாக்டர், இது ரெண்டும் வேற வேற வியாதி.

தேய்மானத்துல அடிவாங்குறது ஃபில்லர் துகளுக்கு நடுவுல இருக்கிற ரெசின். பாக்குத் தூள் அதைச் சுரண்டச் சுரண்ட, துகள் துருத்திக்கிட்டு வந்து ஒருநாள் கழண்டுடும். பழைய மேக்ரோஃபில்லுல (பெரிய துகள் காம்போசிட்) துகளே 10 முதல் 50 மைக்ரான். கழண்டா அந்த அளவுக்குப் பள்ளம். துகள் பொடிசா, நெருக்கமா இருந்தா சுரண்டுற பொருள் இடுக்குக்குள்ள நுழைய முடியாது. ஃப்ளோவபிள்ல ஓட்டம் வரணும்னு ஃபில்லரைக் குறைச்சிருப்பாங்க, அதனால இடைவெளி அதிகம். லைனரா (குழியோட அடியில) மெல்லிசா விடலாம், கடிக்கிற முகத்துக்கு ஆகாது.

மைக்ரோஃபில் கதை வேற. அதுல சிலிகா சுமார் 40 நானோமீட்டர். அவ்வளவு பொடிசா இருந்தா பரப்பளவு கூடி, கொஞ்சம் சேர்த்ததுமே பேஸ்ட் கெட்டியாயிடும். அதனால சிலிகா கலந்த ரெசினை முன்னாடியே இறுக வச்சு, அரைச்சு, அதையே ஃபில்லரா மறுபடி சேர்க்கிறாங்க. அந்தத் துண்டு புது ரெசினோட சரியா ஒட்டாது. விரிசல் அந்த ஓரமாவே ஓடும். தேய்மானத்தைத் தாங்குற பொருள் ரிட்ஜ்ல உடையறது அதனாலதான்.

டியூப்ல போட்டிருக்கிற சதவீதம் பெரும்பாலும் எடைக்கணக்கு. கண்ணாடி ரெசினைவிட ரெண்டு மடங்குக்கு மேல கனம். எடையில 76%-ன்னா கனஅளவுல 55–60%தான் வரும். சிர்கோனியா சேர்ந்தா எடைக்கணக்கு இன்னும் ஏமாத்தும். கனஅளவைப் பாத்து, 60%-ஐ ஒட்டின நானோஹைப்ரிட் (நானோ துகளும் கொஞ்சம் பெரிய துகளும் கலந்தது) இல்லேன்னா நானோஃபில் (நானோ துகள் மட்டும்) எடுங்க.

திருமங்கலம் டென்டல்:
நல்ல பேஸ்ட் வாங்கியும் கெடுக்கிற வழி நிறைய இருக்கு சார். பேஸ்ட்டை இறுக வைக்கிற லைட்டை ரேடியோமீட்டர்ல (வெளிச்சம் அளக்கிற கருவி) பாருங்க. நுனியில காஞ்ச ரெசின் ஒட்டியிருந்தாலே வெளிச்சம் நல்லாக் குறைஞ்சுடும். சதுர செ.மீ.க்கு 1000 மில்லிவாட் வந்தா, 2 மி.மீ. அடுக்குக்கு 20 வினாடி, பாக்ஸ் (கிளாஸ் 2-ல பக்கவாட்டுல இறங்குற குழி) அடியில இன்னொரு 20. இன்ஸ்ட்ருமென்ட்ல ஒட்டுதுன்னு ஸ்பிரிட்ல தொட்டு அமுக்குறது வேண்டாம், ரெசின் இளகிடும். ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த உடனே போட்டா பேஸ்ட் படியாது, உள்ள காத்துக்குமிழி நிக்கும். சித்திரை வெயில்ல அலமாரியில வைக்கிறதும் தப்பு. 25 டிகிரிக்குக் கீழ வச்சுட்டு, போடறதுக்கு முன்னாடி அறைச்சூட்டுக்கு வர விடுங்க.

கடைசி அடுக்கு மேல கிளிசரின் ஜெல் பூசி இன்னொரு தடவை லைட் காட்டி க்யூர் பண்ணுங்க, ஆக்சிஜன் பட்டு இறுகாத பிசுபிசுப்பு நிக்காது. ஃபினிஷிங் எப்பவும் தண்ணியோட. பாக்கை நிறுத்தச் சொல்லியும் பாக்கலாம், உசிலம்பட்டியில யார் கேக்கப்போறா!

உசிலை பல் கிளினிக்:
ஏற்கெனவே போட்டதையெல்லாம் தோண்டணுமா?

மெட்டீரியல்ஸ் பிஜி, மதுரை:
ரிட்ஜ் உடைஞ்சதை முழுசா எடுத்துடுங்க. தேஞ்சது மட்டும்னா, ஓரத்துல சொத்தை இல்லைன்னு எக்ஸ்ரேயில உறுதி பண்ணிட்டு, மேல 1.5–2 மி.மீ. இறக்குங்க. பழைய பரப்பை 50 மைக்ரான் அலுமினாவால சொரசொரப்பாக்கி, 37% பாஸ்பாரிக் ஆசிட், கழுவி உலர்த்தி சிலேன் (ஃபில்லரையும் ரெசினையும் இணைக்கிற திரவம்), பாண்ட் (ஒட்டுப்பசை), அதுமேல நானோஹைப்ரிட். சிலேன் பாட்டில் தெளிவா இருக்கணும். கலங்கியிருந்தா தூக்கிப் போட்டுடுங்க. கடைசியா ஆர்ட்டிகுலேட்டிங் பேப்பர் (கடிக்கிற இடத்தைக் காட்டுற கலர் தாள்) வச்சு, எதிர்ப்பல்லோட முட்டு பல்லும் காம்போசிட்டும் சேர்ற கோட்டுல விழாமப் பாத்துக்குங்க. இரவுல பல் நறநறக்கிறவங்களுக்கு இந்த ரிப்பேரை நீட்டாதீங்க, கிரவுனே போட்டுடுங்க.