கொழுப்பு மஞ்சளா இருந்தா கிழட்டு மாடா? உங்க அனுபவம் சொல்லுங்க

புளியந்தோப்பு வாசி:
ஞாயிற்றுக்கிழமை பீஃப் கடைக் கூட்டம் தெரியும்தானே. என் முறை வந்ததும் பாய் எடுத்துப் போட்ட தொடைக்கறியில் கொழுப்பு மஞ்சள் அரைத்துப் பூசினமாதிரி இருந்தது. "கிழட்டு மாடு பாய், வேற போடுங்க" என்றேன். அவர் பேசாமல் கொக்கியில் தொங்கியதிலிருந்து இன்னொரு துண்டு அறுத்துப் பக்கத்தில் வைத்தார். கொழுப்பு பளீர் வெள்ளை. "எது கிழடு, நீயே சொல்லு தம்பி." வரிசையே என்னைப் பார்த்தது. கடைசியில் வெள்ளையைத் தட்டி, "இதுதான் கிழட்டு எருமை. மஞ்சள், ஜெர்சி கிராஸ் காளை, இளசு" என்றார். நிஜமா, இல்லை மீந்த கறியைத் தள்ளிவிடச் சொன்ன கதையா?

மாதவரம் மாட்டுக்காரன்:
நிஜம்தான். தீவனத்தில் இருக்கும் கரோட்டின் என்ற மஞ்சள் நிறமியை எருமை வைட்டமின் ஏ-ஆக மாற்றிவிடும். எருமைப்பால் வெளுப்பாக இருப்பதும் அதனால்தான். ஜெர்சி வம்சத்து மாட்டில் அது கொழுப்போடு தங்கிவிடும். எங்கள் ஜெர்சி கிராஸ் காளைக்கன்று ஒன்றை விற்று, தெரிந்த கடையில் அறுத்தபோது பார்த்தேன், கொழுப்பு வெண்ணெய் நிறம்.

பட்டாளம் பையன்:
இனம் மட்டும் என்று முடித்துவிடாதீர்கள். பச்சைப்புல் தின்றே வயசான பசுமாட்டுக்கும் மஞ்சள் ஏறும். எங்கள் தாத்தா நிறத்தையே பார்க்கமாட்டார், முதுகெலும்பு நுனியில் குருத்தெலும்பு இருக்கிறதா என்று விரலால் அழுத்துவார். முற்றின மாட்டில் அது எலும்பாகிப் போயிருக்கும்.

ராயபுரம் கப்பல்காரன்:
பிரேசில், சான்டோஸ் துறைமுகம். ஓட்டலில் கம்பியில் குத்திச் சுட்ட கறியைத் தட்டில் சீவிப் போட்டார்கள். என்னவென்று கேட்டால் திமிலாம்! மாட்டின் பெயர் நெலோர். கும்மிடிப்பூண்டி தாண்டினால் வருகிற அதே நெல்லூர். அந்தப் பக்கத்து நம்ம ஓங்கோல் மாடு 19ஆம் நூற்றாண்டிலேயே கப்பலேறிப் போய் அங்கே கறிக்காகவே பெருகியிருக்கிறது. திமில் வெண்ணெயாகக் கரைந்தது, சாதாரணத் துண்டு கொஞ்சம் நார்தான்.

வியாசர்பாடி கறிக்காரர் மகன்:
அப்பா தொட்டியில், அதாவது மாடு அறுக்கிற கூடத்தில், வெட்டினவர். ஒரே எடையில் ரெண்டு மாடு வந்தால் எச்எஃப் (ஹோல்ஸ்டீன் ஃப்ரீஷியன், சீமைப் பால்மாடு) கிராஸை விட்டு நாட்டுக்காளையைத்தான் கேட்பார். எச்எஃபில் எலும்பும் குடலும் பெரிசு, கறி குறையும். நாட்டு மாட்டில் கறி தேறும், ஆனால் திமில் மாட்டுக் கறி சீக்கிரம் மெத்தென்று ஆகாது. கறியை இளக்குகிற நொதியைத் தடுக்கும் கால்பாஸ்டாடின் அதன் உடம்பில் அதிகம். அதனால் வாங்கினதும் அடுப்பில் ஏற்றாதீர்கள். ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜில் வையுங்கள், ஃப்ரீசரில் இல்லை. பப்பாளிக்காய் அரைத்துத் தடவினால் அரைமணிக்கு மேல் விடாதீர்கள், மாவாகிவிடும். உப்பை முதலிலேயே போடுங்கள். விசில் கணக்கு எண்ணாதீர்கள், சிறுதீயில் விடுங்கள். நெஞ்செலும்பை வறுவலுக்கு வாங்குகிறவர்களை என்ன சொல்வது, அது குழம்புக்கு. சுக்காவுக்குத் தொடை போதும்.

மாதவரம் மாட்டுக்காரன்:
வெளிநாட்டில் ஆங்கஸ் என்ற கறிமாட்டு இனத்துக் காளை விற்கும்போதே அதன் கன்றுகளின் கறியில் கொழுப்பு எவ்வளவு ஊடுபாயும், முதுகுச் சதை எவ்வளவு அகலம் என்று எண் போட்டுக் கொடுக்கிறார்கள். உயிரோடு இருக்கும்போதே ஸ்கேன் எடுத்துக் கணக்குப் போடுவது. மார்பிளிங், அதாவது கறிக்குள் கொழுப்பு ஊடுபாய்வது, வம்சத்தில் நன்றாகவே இறங்கும் குணம். இங்கே சினை ஊசிக்குக் காளை தேர்ந்தெடுப்பது பாலைப் பார்த்து. கறி எப்படி வருமென்று யார் பார்த்தார்கள்?

புளியந்தோப்பு வாசி:
நான் பப்பாளிக்காய் கேட்கவே இல்லையே அண்ணே 😄 பட்டாளம், அந்தக் குருத்தெலும்பு முதுகெலும்பில் எந்த இடத்தில், நெஞ்சுப் பக்கமா இடுப்புப் பக்கமா? பாயிடம் அடுத்த வாரம் அதைத்தான் காட்டச் சொல்லப்போகிறேன்.